ஒரே அறிக்கையில் மூன்று 'பாசிட்டிவ்': நாள்பட்ட ரத்தப் புற்றுநோயில் அணுக்களின் மேற்பரப்புக் குறிகள் சொல்வது என்ன?

புதுடெல்லி: நாள்பட்ட நிணநீர் அணு ரத்தப் புற்றுநோய் எனச் சந்தேகிக்கப்படும் ஒருவரின் கைக்கு முதலில் வந்து சேரும் முக்கிய ஆவணம், ஃபுளோ சைட்டோமெட்ரி எனப்படும் பரிசோதனையின் அறிக்கை. ஒன்றிரண்டு பக்கங்களே கொண்ட அந்த அறிக்கையில் சிடி5, சிடி19, சிடி20, சிடி23, சிடி38 என வரிசையாகச் சில குறியீடுகளும், அவற்றின் எதிரே 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்', 'மங்கல்' என்ற சொற்களும் இருக்கும். மருத்துவரைச் சந்திப்பதற்கு முன்பே இணையத்தில் தேடிப் பார்க்கும் குடும்பத்தினர், சிடி38 பாசிட்டிவ் என்றால் ஆபத்து என்ற வரியைப் படித்து நிலைகுலைந்து போவதும், சில நாள்கள் கழித்து மருத்துவர் இப்போதைக்குச் சிகிச்சை எதுவும் தேவையில்லை என்று கூறும்போது அதை நம்ப முடியாமல் திணறுவதும் அரிதல்ல.

இந்தக் குழப்பத்துக்கு முக்கியக் காரணம், அந்த அறிக்கையில் பாசிட்டிவ் என்ற ஒரே சொல் மூன்று வெவ்வேறு பொருள்களில் இடம்பெறுவதுதான். சிடி5 பாசிட்டிவ் என்பது நோயின் பெயரைச் சொல்கிறது. சிடி38 பாசிட்டிவ் என்பது நோய் எவ்வளவு வேகமாக நகரக்கூடும் என்பதைச் சொல்ல முயல்கிறது. சிடி20 பாசிட்டிவ் என்பது ஒரு மருந்து சென்று பற்றிக்கொள்வதற்கான இடம் இருப்பதைத் தெரிவிக்கிறது. மூன்றையும் ஒரே தட்டில் வைத்து, பாசிட்டிவ் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதில் எந்தப் பொருளும் இல்லை.

மெதுவாக வளரும் நோய், ஆனால் எல்லோருக்கும் அல்ல

சிஎல்எல் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த நோய், ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகையான பி நிணநீர் அணுக்களைப் பாதிக்கிறது. ஒரே ஓர் அணுவின் வழித்தோன்றல்களான, முதிர்ந்தவை போலத் தோற்றமளித்தாலும் முறையாகப் பணியாற்றாத அணுக்கள் ரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் சேர்ந்துகொண்டே போகின்றன. மேற்கத்திய நாடுகளில் பெரியவர்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் ரத்தப் புற்றுநோய் இதுவே. அங்கு நோய் கண்டறியப்படும் வயது 70-ஐ ஒட்டி இருக்கிறது. இந்தியாவிலும் கிழக்காசிய நாடுகளிலும் இந்நோய் ஒப்பீட்டளவில் குறைவு. இந்திய மருத்துவமனைகள் வெளியிட்ட தரவுகளில் நோயாளிகளின் வயது 60-ஐ ஒட்டியே காணப்படுகிறது.

சர்வதேச வழிகாட்டுதலின்படி, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒரே மூலத்திலிருந்து வந்த பி அணுக்கள் 5,000 அல்லது அதற்கு மேல் இருந்து, அந்நிலை குறைந்தது 3 மாதங்கள் நீடித்தால்தான் சிஎல்எல் என்று கூற முடியும். அதற்குக் குறைவான எண்ணிக்கையில் அதே அணுக்கள் காணப்பட்டு, கணு வீக்கமோ வேறு அறிகுறியோ இல்லாவிட்டால் அது புற்றுநோயாகக் கருதப்படுவதில்லை. கண்காணிப்பில் மட்டும் வைக்கப்படுகிறது.

இந்நோயின் வினோதம் அதன் போக்கில் உள்ளது. நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு வாழ்நாள் முழுவதும் சிகிச்சையே தேவைப்படுவதில்லை. வேறு சிலருக்கோ ஓரிரு ஆண்டுகளிலேயே கணுக்கள் பெருத்து, ரத்தசோகை ஏற்பட்டு, மருந்துகளுக்கும் கட்டுப்படாத நிலை உருவாகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் இரு தரப்பினரின் அணுக்களும் ஒன்றுபோலவே தெரிகின்றன. இவ்விரு தரப்பினரையும் தொடக்கத்திலேயே பிரித்தறிவது எப்படி என்ற கேள்விதான் கடந்த 50 ஆண்டுகால சிஎல்எல் ஆராய்ச்சியின் மையமாக இருந்து வருகிறது.

ஜோத்பூரில் பிறந்த மருத்துவரின் அளவுகோல்

அந்தக் கேள்விக்கு முதலாவது நம்பகமான விடையை அளித்தவர், ராஜஸ்தான் மாநிலம் ஜோத்பூரில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ரத்தவியல் நிபுணர் காந்தி ராய். அவரது குழுவினர் 125 நோயாளிகளை ஆராய்ந்து 1975-ம் ஆண்டு வெளியிட்ட 'ராய் நிலைகள்' உலகெங்கும் இன்றளவும் பயன்பாட்டில் உள்ளன. ரத்தத்தில் நிணநீர் அணுக்கள் மட்டும் கூடியிருந்தால் பூஜ்ஜிய நிலை. கணுக்கள் வீங்கியிருந்தால் முதல் நிலை. மண்ணீரல் அல்லது கல்லீரல் பெருத்திருந்தால் இரண்டாம் நிலை. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழ் இறங்கினால் மூன்றாம் நிலை. தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழ் சென்றால் நான்காம் நிலை. பிரான்சைச் சேர்ந்த பினே குழுவினர் 1981-ல் இதனையொத்த மூன்று நிலைப் பகுப்பை வெளியிட்டனர்.

மருத்துவரின் கைகளும், சாதாரண ரத்தப் பரிசோதனையும் இருந்தால் போதும் என்பது ராய் அளவுகோலின் பெரும் பலம். ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. நோய் இன்று எங்கே நிற்கிறது என்பதை அது சொல்கிறது. நாளை எங்கே போகும் என்பதைச் சொல்வதில்லை. இன்று பெரும்பாலானோருக்கு நோய் பூஜ்ஜிய நிலையிலோ முதல் நிலையிலோதான் கண்டறியப்படுகிறது. அவர்களில் யாருக்கு விரைவில் முற்றும், யாருக்கு 20 ஆண்டுகள் அப்படியே இருக்கும் என்பதற்கு அந்த அளவுகோலில் விடை இல்லை.

அணுவின் மேல் ஒட்டிய அடையாள அட்டைகள்

ஒவ்வொரு வெள்ளையணுவின் மேற்பரப்பிலும் பல வகைப் புரத மூலக்கூறுகள் உள்ளன. சில, வெளியிலிருந்து வரும் செய்திகளை உள்வாங்குபவை. சில, பக்கத்து அணுவைப் பற்றிக்கொள்பவை. இன்னும் சில, நொதிகளாகச் செயல்படுபவை. 1975-ல் ஜார்ஜ் கோலர், சீசர் மில்ஸ்டீன் ஆகியோர் ஒரே இலக்கை மட்டும் பற்றும் ஆன்டிபாடிகளைத் தயாரிக்கும் வழியைக் கண்டறிந்த பிறகு, இம்மூலக்கூறுகளைத் தனித்தனியே அடையாளம் காண முடிந்தது. ஆய்வகங்கள் ஆளுக்கொரு பெயர் சூட்டிக் குழப்பம் பெருகியதால், 1982-ல் பாரிஸில் நடந்த பன்னாட்டுப் பயிலரங்கில் இவற்றுக்குச் 'சிடி' என்ற முன்னொட்டுடன் எண் வழங்கும் முறை தொடங்கியது. ஆகவே அந்த எண்கள் வெறும் வரிசை எண்களே. சிடி38 என்பது சிடி5-ஐ விடப் பெரியதோ மோசமானதோ அல்ல.

ஃபுளோ சைட்டோமெட்ரி கருவி, ஒளிரும் சாயம் ஏற்றப்பட்ட ஆன்டிபாடிகளை நோயாளியின் ரத்த மாதிரியுடன் கலந்து, அணுக்களை ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளிக்கற்றையின் முன் ஓடவிடுகிறது. ஒரு விநாடிக்கு ஆயிரக்கணக்கான அணுக்கள் கடந்து செல்லும்போது, எந்த அணு எந்த நிறத்தில் எவ்வளவு பிரகாசமாக ஒளிர்கிறது என்பதைக் கருவி பதிவு செய்கிறது. கையிலிருந்து எடுக்கப்படும் சிறிதளவு ரத்தமே போதும். நோயை உறுதி செய்ய எலும்பு மஜ்ஜையைக் குத்தி எடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை.

முதல் பொருள்: நோயின் பெயர்

சிடி19 என்பது பி அணுக்களின் பொது அடையாளம். சிடி5 வழக்கமாக டி அணுக்களில் காணப்படுவது. இரண்டும் ஒரே அணுவின் மேல் சேர்ந்து காணப்படுவதுதான் சிஎல்எல்-லின் முதல் தடயம். அத்துடன் சிடி23, சிடி200 ஆகியவை இருப்பதும், சிடி20, சிடி79பி, மேற்பரப்பு ஆன்டிபாடி ஆகியவை மங்கலாகத் தெரிவதும் சேர்ந்தால் படம் முழுமையடைகிறது. அந்த ஆன்டிபாடிகள் அனைத்தும் கப்பா அல்லது லாம்டா என்ற இரு வகைகளில் ஒன்றாக மட்டுமே இருப்பது, அணுக்கள் யாவும் ஒரே தாயணுவிலிருந்து வந்தவை என்பதற்கான சான்று.

எஸ்டெல்லா மட்டூட்டஸ் தலைமையிலான லண்டன் குழுவினர் இத்தகைய ஐந்து குறிகளுக்குத் தலா ஒரு மதிப்பெண் வழங்கும் முறையை 1994-ல் வெளியிட்டனர். நான்கு அல்லது ஐந்து மதிப்பெண் வந்தால் சிஎல்எல். குறைவாக வந்தால் வேறு நோயாக இருக்கலாம். இங்கு மதிப்பெண் கூடுதலாக இருப்பது நோய் தீவிரமாக இருப்பதைக் குறிக்காது. ஐந்துக்கு ஐந்து என்பது 'இது சந்தேகத்துக்கு இடமில்லாத சிஎல்எல்' என்று மட்டுமே பொருள்படும்.

இந்தப் பெயர் சூட்டலைச் சடங்காகக் கருதிவிட முடியாது. மேன்டில் செல் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலும் சிடி5 பாசிட்டிவ் ஆகவே இருக்கும். ஆனால் அதில் சிடி23, சிடி200 ஆகியவை பெரும்பாலும் இருப்பதில்லை. இரண்டு நோய்களின் போக்கும் சிகிச்சையும் வேறு. முதலாவதில் காத்திருப்பது பொருத்தம். இரண்டாவதில் அதே காத்திருப்பு பலருக்கு இழப்பாக முடியலாம்.

இரண்டாம் பொருள்: நோயின் வேகம்

நோய்ப்போக்கைக் கணிக்கும் குறிகளின் கதை 1999-ம் ஆண்டில் தொடங்குகிறது. அந்த ஆண்டு 'பிளட்' என்ற ரத்தவியல் ஆய்விதழில் இரு ஆய்வுகள் ஒன்றாக வெளியாயின. ஒன்று, இங்கிலாந்தின் டெர்ரி ஹாம்ப்ளின், ஃபிரீடா ஸ்டீவன்சன் ஆகியோருடையது. மற்றொன்று, நியூயார்க்கின் ராஜேந்திர டாம்லே, நிக்கோலஸ் கியோராஸி ஆகியோருடையது. அந்தக் குழுவில் காந்தி ராயும் இருந்தார்.

இரு குழுக்களும் பார்த்தது பி அணுவின் ஆன்டிபாடியை உருவாக்கும் ஐஜிஹெச்வி என்ற மரபணுப் பகுதியை. ஆரோக்கியமான பி அணு ஒன்று கிருமியை எதிர்கொண்டு, நிணநீர்க் கணுவில் பயிற்சி பெறும்போது இந்த மரபணுவில் சிறுசிறு பிறழ்வுகள் ஏற்படுகின்றன. ஆன்டிபாடியை இன்னும் கூர்மையாக்குவதற்காக உடலே செய்துகொள்ளும் மாற்றம் அது. சில நோயாளிகளின் புற்றணுக்களில் இந்தப் பிறழ்வுகள் இருந்தன, சிலருக்கு இல்லை. பிறவியில் இருந்த மரபணு வரிசையுடன் 98 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஒத்திருந்தால் 'பிறழாதது' என வகைப்படுத்தினர்.

முடிவுகள் வியப்பளித்தன. ஹாம்ப்ளின் ஆய்வில், தொடக்க நிலை நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டபோது, பிறழாத வகையினரின் இடைநிலை ஆயுட்காலம் 95 மாதங்கள். பிறழ்ந்த வகையினருக்கு 293 மாதங்கள். அதாவது ஒரு தரப்பில் பாதிப் பேர் 8 ஆண்டுகளைக் கடக்கவில்லை. மறு தரப்பில் பாதிப் பேர் 24 ஆண்டுகளையும் தாண்டினர். பிறழ்வு என்ற சொல்லைக் கேட்டதும் கெடுதல் என்று எண்ணுவது இயல்பு. இந்நோயில், இந்த ஒரு மரபணுவைப் பொறுத்தவரை, பிறழ்வு இருப்பதே நல்ல செய்தி. அறிக்கையைப் படிக்கும் பலரும் இடறி விழும் இடம் இது.

சிடி38 நுழைந்தது இங்கேதான். அக்காலத்தில் மரபணு வரிசையைப் படிப்பது பெரும்பாலான மருத்துவமனைகளுக்கு எட்டாத வேலை. எனவே அதே தகவலை எளிய வழியில் தரும் மாற்று ஒன்றைத் தேடிய டாம்லே குழுவினர், பிறழாத வகையினரின் அணுக்களில் சிடி38 அதிகமாகக் காணப்படுவதைக் கண்டனர். 30 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்ட அணுக்களில் சிடி38 இருந்தால் 'பாசிட்டிவ்' என்ற எல்லைக்கோடு அப்போது உருவானது. ஏற்கெனவே எல்லா இடங்களிலும் உள்ள ஃபுளோ சைட்டோமெட்ரி கருவியிலேயே இதைப் பார்த்துவிடலாம் என்பதால் சிடி38 வேகமாகப் பரவியது.

ஆனால் மூன்றே ஆண்டுகளில் சிக்கல் தெரிந்தது. 2002-ல் ஹாம்ப்ளின் குழுவினரே வெளியிட்ட ஆய்வில், நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சிடி38 ஒன்றைச் சொல்ல, ஐஜிஹெச்வி வேறொன்றைச் சொன்னது. சிலருக்கு நோயின் போக்கிலேயே சிடி38 அளவு மாறியது. எல்லைக்கோடும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 7 சதவீதம், 20 சதவீதம், 30 சதவீதம் என ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டது. 29 சதவீதம் என்றால் நெகட்டிவ், 31 சதவீதம் என்றால் பாசிட்டிவ் எனப் பிரிக்கும் கோடு உடலில் எங்கும் வரையப்பட்டிருக்கவில்லை.

இருந்தும் சிடி38 பயனற்றது என்று ஒதுக்கிவிட இயலாது. சிஎல்எல் அணுக்கள் சாவதில்லை, அதனால்தான் குவிகின்றன என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 2005-ல் கியோராஸி குழுவினர், நோயாளிகளுக்குக் கனநீர் அருந்தக் கொடுத்து, புதிதாகப் பிறக்கும் அணுக்களின் டிஎன்ஏவில் அதன் தடயத்தை அளந்தனர். நோயாளிக்கு நோயாளி, நாள் ஒன்றுக்கு 0.1 சதவீதம் முதல் 1 சதவீதத்துக்கும் மேல் வரை புதிய அணுக்கள் பிறப்பது அப்போது தெரிய வந்தது. அமைதியாகத் தோன்றும் நோய்க்குள் ஓயாத பிறப்பும் இறப்பும் நடந்துகொண்டிருந்தன. தொடர்ந்து நடந்த ஆய்வுகளில், ஒரே நோயாளியின் உடலிலேயே சிடி38 உள்ள அணுக்கள்தான் மற்றவற்றை விட அதிகமாகப் பெருகுவது காணப்பட்டது. அந்த வகையில் சிடி38 என்பது நெருப்பு எரியும் இடத்தைக் காட்டும் புகை எனலாம்.

மேற்பரப்பில் இல்லாத ஒரு குறி

அடுத்து வந்தது ஜாப்-70. இது மேற்பரப்பில் இல்லை. அணுவுக்குள் இருந்து செய்தி கடத்தும் நொதி. இயல்பாக டி அணுக்களில் வேலை செய்வது, பிறழாத வகை சிஎல்எல் அணுக்களிலும் காணப்படுவதை 2000-க்குப் பிந்தைய மரபணு ஆய்வுகள் காட்டின. 2003, 2004 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் பெரும் எதிர்பார்ப்பை ஏற்படுத்தின. ஆனால் அணுவின் சவ்வைத் துளைத்து உள்ளே சாயமேற்ற வேண்டியிருந்ததாலும், மாதிரியில் கலந்திருக்கும் டி அணுக்களும் அதே நொதியைக் கொண்டிருந்ததாலும், ஓர் ஆய்வகத்தின் முடிவு மற்றொரு ஆய்வகத்துடன் ஒத்துப்போகவில்லை. இன்று பல மையங்களில் ஜாப்-70 பரிசோதனையே கைவிடப்பட்டுள்ளது.

அணுவைக் கட்டிப்போடும் கொக்கி

மேற்பரப்புக் குறிகளில் இன்று அதிக மதிப்புடன் பேசப்படுவது சிடி49டி. இத்தாலியின் அவியானோ நகரைச் சேர்ந்த வால்டர் கட்டெய் உள்ளிட்டோரின் ஆய்வுகள் இதை முன்னுக்குக் கொண்டு வந்தன. 2014-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று 2,972 நோயாளிகளின் தரவைத் தொகுத்து, ஃபுளோ சைட்டோமெட்ரியில் பார்க்கக்கூடிய குறிகளிலேயே நோய்ப்போக்கை மிக வலுவாகக் கணிப்பது சிடி49டிதான் என்று தெரிவித்தது. இதற்கும் எல்லைக்கோடு 30 சதவீதம்.

சிடி49டி ஒரு கொக்கியைப் போன்றது. எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர்க் கணுக்களிலும் உள்ள தாங்கு அணுக்களை இந்தக் கொக்கியால் பற்றிக்கொள்ளும் புற்றணு, அங்கே ஊட்டமும் பாதுகாப்பும் பெறுகிறது. மருந்தின் தாக்குதலிலிருந்து தப்பிக்கவும் அந்த இடம் உதவுகிறது.

புதிய மருந்துகள் வந்த பிறகும் இந்தக் குறி பொருளிழக்கவில்லை. இப்ரூடினிப் போன்ற மாத்திரைகளைத் தொடங்கியதும் கணுக்கள் சுருங்கி, அங்கிருந்த அணுக்கள் ரத்தத்துக்குள் கொட்டுவதால், சில வாரங்களுக்கு வெள்ளையணு எண்ணிக்கை கூடுவது வழக்கம். மருந்து வேலை செய்யவில்லை என்று நோயாளிகள் பதறும் அந்த ஏற்றம் உண்மையில் மருந்து வேலை செய்வதன் அடையாளம். சிடி49டி மிகுந்தவர்களிடம் இந்த ஏற்றம் குறைவாக இருப்பதும், மருந்தின் பலன் நீடிக்கும் காலம் குறைவதும் 2018-ல் வெளியான ஆய்வில் பதிவாயின. கொக்கி மாட்டிய அணுக்கள் இருப்பிடத்தை விட்டு எளிதில் வெளியேறுவதில்லை.

குரோமோசோம் சொல்வது

மேற்பரப்பில் எது தெரிந்தாலும், கணிப்பில் கடைசிச் சொல் அணுவின் உட்கருவுக்கே உரியது. ஜெர்மனியின் ஹார்ட்மூட் டோனர் குழுவினர் 2000-ல் 325 நோயாளிகளை ஃபிஷ் என்ற குரோமோசோம் பரிசோதனைக்கு உட்படுத்தினர். 17-வது குரோமோசோமின் குட்டைக் கரம் இழக்கப்பட்டவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 32 மாதங்களாக இருந்தது. 11-வது குரோமோசோமில் இழப்பு உள்ளவர்களுக்கு 79 மாதங்கள். 13-வது குரோமோசோமில் மட்டும் இழப்பு உள்ளவர்களுக்கு 133 மாதங்கள். எந்த மாற்றமும் இல்லாதவர்களுக்கு 111 மாதங்களே. இழப்பு எதுவும் இல்லாதவரை விட, 13-ல் இழப்பு உள்ளவரின் நிலை மேலாக இருந்தது.

17-வது குரோமோசோமின் அந்தப் பகுதியில்தான் டிபி53 என்ற காவல் மரபணு உள்ளது. பழுதடைந்த அணுவைத் தற்கொலை செய்துகொள்ளத் தூண்டுவது அதன் பணி. வழக்கமான கீமோதெரபி மருந்துகள் அணுவைப் பழுதாக்கி, மீதியை டிபி53-இடம் ஒப்படைக்கின்றன. காவலரே இல்லாத வீட்டில் மணி அடித்துப் பயனில்லை என்பதால், இத்தகைய நோயாளிகளுக்குக் கீமோதெரபி பலனளிப்பதில்லை.

2016-ல் வெளியான 'சிஎல்எல் ஐபிஐ' என்ற சர்வதேசக் குறியீடு இவை அனைத்தையும் எடைபோட்டுப் பார்த்தது. டிபி53 பாதிப்புக்கு 4 புள்ளிகள். ஐஜிஹெச்வி பிறழாமைக்கு 2. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற ரத்தப் புரதம் லிட்டருக்கு 3.5 மில்லிகிராமைத் தாண்டினால் 2. முற்றிய நிலைக்கு 1. 65 வயதைக் கடந்தால் 1. குறைந்த ஆபத்துப் பிரிவினரில் 93.2 சதவீதத்தினரும், மிக அதிக ஆபத்துப் பிரிவினரில் 23.3 சதவீதத்தினரும் 5 ஆண்டுகளுக்குப் பிறகு உயிருடன் இருந்தனர். அவை பெரும்பாலும் கீமோதெரபி காலத்து எண்கள். இன்றைய மருந்துகளுடன் நிலைமை கணிசமாக மேம்பட்டுள்ளது. இந்தக் குறியீட்டின் ஐந்து காரணிகளில் சிடி38 இல்லை, ஜாப்-70 இல்லை, சிடி49டியும் இல்லை.

மோசமான குறி இருந்தும் ஏன் காத்திருக்க வேண்டும்?

நோயாளிகளின் குடும்பத்தினர் கேட்கும் கேள்விகளில் மிக நியாயமானது இது. ஆபத்து தெரிந்த பிறகும் ஏன் உடனே மருந்து கொடுப்பதில்லை?

இதற்கான விடை ஆய்வுகளின் வழியாகவே கிடைத்தது. தொடக்க நிலை நோயாளிகளுக்குக் குளோராம்பூசில் மாத்திரையை உடனடியாகக் கொடுத்துப் பார்த்த பிரெஞ்சு ஆய்வு 1998-ல் வெளியானது. நோய் முற்றுவது தாமதமானது, ஆயுள் கூடவில்லை. பழைய மருந்து என்பதால் அப்படி என்று கருத இடமிருந்தது. ஆனால் ஜெர்மானியக் குழுவினர், நோய் விரைவில் முற்றும் வாய்ப்புள்ள தொடக்க நிலை நோயாளிகளுக்கு இப்ரூடினிப் கொடுத்து நடத்திய 'சிஎல்எல்12' ஆய்விலும் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. பக்கவிளைவுகள் மட்டும் முன்கூட்டியே வந்து சேர்ந்தன.

எனவே சிகிச்சையைத் தொடங்கும் நேரத்தை எந்தக் குறியும் தீர்மானிப்பதில்லை, உடலே தீர்மானிக்கிறது. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழ் இறங்குவது, தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழ் குறைவது, கணுக்களோ மண்ணீரலோ வெகுவாகப் பெருப்பது, 6 மாதத்தில் உடல் எடை 10 சதவீதம் குறைவது, தொற்று இல்லாமலே இரண்டு வாரங்களுக்கு மேல் காய்ச்சல் நீடிப்பது, இரவு வியர்வை, நிணநீர் அணுக்கள் 6 மாதத்துக்குள் இரட்டிப்பாவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டால் சிகிச்சை தொடங்கும். வெள்ளையணு எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டினாலும் அது ஒன்றே சிகிச்சைக்கான காரணமாவதில்லை. அப்படியானால் சிடி38, சிடி49டி ஆகியவற்றால் என்ன பயன் என்றால், அடுத்த பரிசோதனைக்கு 3 மாதத்தில் வர வேண்டுமா, ஓராண்டு கழித்து வந்தால் போதுமா என்பதை முடிவு செய்ய அவை உதவக்கூடும்.

சிகிச்சை தேவை என்று முடிவான பிறகு நிலைமை மாறுகிறது. அப்போது எந்த மருந்து என்ற கேள்விக்கு டிபி53, ஐஜிஹெச்வி ஆகிய இரண்டின் முடிவும் இன்றியமையாதவை. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் எஃப்சிஆர் என்ற மூன்று மருந்துக் கூட்டுச் சிகிச்சை பெற்றவர்களை நீண்டகாலம் தொடர்ந்து பார்த்தபோது, 12.8 ஆண்டுகளுக்குப் பின்னரும் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பிறழ்ந்த வகையினரில் 53.9 சதவீதம், பிறழாத வகையினரில் 8.7 சதவீதம். 2019-ல் வெளியான 'இ1912' ஆய்வில் இதே கூட்டுச் சிகிச்சையுடன் இப்ரூடினிப்-ரிட்டுக்ஸிமாப் ஒப்பிடப்பட்டது. பிறழாத வகையினரில் மூன்றாண்டு காலம் நோய் முற்றாமல் இருந்தவர்கள் இப்ரூடினிப் தரப்பில் 90.7 சதவீதம், எஃப்சிஆர் தரப்பில் 62.5 சதவீதம். பிறழ்ந்த வகையினரிடம் இரு தரப்பும் ஏறக்குறைய சமமாக இருந்தன.

இந்தியாவைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு மருத்துவ விவாதத்தோடு நின்றுவிடுவதில்லை. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் விழுங்க வேண்டிய மாத்திரைக்கும், சில மாதங்களில் முடிந்துவிடும் சிகிச்சைக்கும் இடையிலான செலவு வேறுபாடு பல குடும்பங்களின் சேமிப்பையே தீர்மானிக்கக்கூடியது. பிறழ்ந்த வகையைச் சேர்ந்த, டிபி53 பாதிப்பு இல்லாத, உடல் உறுதியான ஒருவருக்குக் குறுகிய காலச் சிகிச்சை போதுமானதாக இருக்கலாம். அதை அறிந்துகொள்வதற்கான ஐஜிஹெச்வி பரிசோதனை பெரிய மையங்களிலும் தனியார் ஆய்வகங்களிலும் மட்டுமே கிடைக்கிறது. செலவைக் காரணம் காட்டி அந்தப் பரிசோதனையைத் தவிர்ப்பது, பின்னர் மருந்துச் செலவில் பல மடங்காகத் திரும்பி வர வாய்ப்புண்டு. ஐஜிஹெச்வி நிலை வாழ்நாள் முழுவதும் மாறுவதில்லை என்பதால் அதை ஒரு முறை பார்த்தால் போதும். டிபி53 அப்படியல்ல; தொடக்கத்தில் இல்லாத பாதிப்பு பின்னர் தோன்றக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறை சிகிச்சையை மாற்றும்போதும் மீண்டும் பார்க்க வேண்டும்.

மூன்றாம் பொருள்: மருந்தின் இலக்கு

சிடி20 பாசிட்டிவ் என்ற வரி அச்சத்துக்கு உரியதல்ல. ரிட்டுக்ஸிமாப், ஒபினுட்டுஸுமாப் ஆகிய ஊசி மருந்துகள் இந்த மூலக்கூறைப் பற்றிக்கொண்டே புற்றணுவை அழிக்கின்றன. சிஎல்எல் அணுக்களில் சிடி20 மங்கலாக இருந்தபோதும், கீமோதெரபியுடன் ரிட்டுக்ஸிமாப்பைச் சேர்த்தபோது ஆயுள் கூடியதை 2010-ல் வெளியான ஜெர்மானிய 'சிஎல்எல்8' ஆய்வு நிறுவியது. வெனிட்டோகிளாக்ஸ் மாத்திரையுடன் ஒபினுட்டுஸுமாப் சேர்ந்த ஓராண்டுச் சிகிச்சை இன்று பரவலாக வழங்கப்படுகிறது.

சிகிச்சை முடிந்த பிறகும் மேற்பரப்புக் குறிகளுக்கு வேலை இருக்கிறது. பத்தாயிரம் வெள்ளையணுக்களில் ஒரு சிஎல்எல் அணு ஒளிந்திருந்தாலும் நவீன ஃபுளோ சைட்டோமெட்ரியால் கண்டுபிடித்துவிட முடியும். அந்த அளவுக்கும் கீழே சென்றால் எஞ்சிய நோய் புலப்படவில்லை என அறிக்கை கூறும். ஆனால் சிடி20-ஐத் தாக்கும் மருந்தைப் பெற்றவரின் அணுக்களில் சிடி20 மறைந்தோ மூடப்பட்டோ இருக்கும் என்பதால், ஆய்வகங்கள் அப்போது சிடி19, சிடி5 ஆகியவற்றுடன் சிடி43, சிடி79பி, சிடி81 போன்ற பிற குறிகளைச் சேர்த்துத் தேடுகின்றன. அதனால் இந்தப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பவர், எந்த மருந்தை எப்போது கடைசியாகப் பெற்றார் என்ற விவரம் ஆய்வகத்துக்கு அனுப்பும் படிவத்தில் இடம்பெற வேண்டும்.